ங்க போடாத குரல்

எனக்குத் தனியாகப் பேசும் பழக்கம் உண்டு. மனதுக்குள் பேசுவதைச் சொல்லவில்லை. அதை எல்லோரும் செய்கிறார்கள். நான் வாய்விட்டுப் பேசுகிறவன். காலையில் “சாவி எடுத்தாச்சு, கண்ணாடி எடுத்தாச்சு, கேஸ் மூடியாச்சு” என்று தொடங்கும். குளியலறையில் தொடரும். காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மடை திறந்த கதைதான். முன்பெல்லாம் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ப்ளூடூத் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. இன்று கோயம்புத்தூரில் பாதிப் பேர் காற்றைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள். அதில் யார் போனில் பேசுகிறார், யார் என்னைப் போல என்று யாருக்கும் தெரியாது.

என் மனைவிக்கு இது பழகிப்போன சங்கதி. குளியலறைக் கதவைத் தட்டி, “ஏனுங்க, உள்ளார இன்னொருத்தர் இருக்காருங்களா? காப்பி ரெண்டு டம்ளராக் கொண்டாறட்டுங்களா?” என்பாள்.

தனியாகப் பேசுவதில் பல வகை உண்டு. மறந்துவிடாமல் இருக்கப் பேசுவது ஒன்று. பயம் தெளியப் பேசுவது ஒன்று. என்னுடையதில் முக்கால்வாசி சண்டை. நேரில் போட முடியாத சண்டைகளை எல்லாம் நான் காரில் போட்டுத் தீர்ப்பேன். எங்கள் ஊரில் நேருக்கு நேர் சண்டை போடுவது லேசான காரியமில்லை. ஒவ்வொரு வார்த்தையின் வாலிலும் ஒரு ‘ங்க’ வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டியில் வந்து இடித்தவனிடம்கூட, “ஏனுங்க, கண்ணு தெரியாதுங்களா?” என்றுதான் கேட்போம். அவனும் “தெரியுமுங்க, சொல்லுங்க” என்பான். இதில் எங்கே கோபத்தைக் கொட்டுவது? மிச்சமான கோபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆகவேண்டும். என் தனிப்பேச்சில் யாருக்கும் ‘ங்க’ கிடையாது. கல்லூரி முதல்வர், தண்ணீர் லாரிக்காரர், என் மைத்துனர், எல்லோரும் வாடா போடாதான். எல்லாச் சண்டையிலும் நானே ஜெயிப்பேன். எதிராளிக்கும் சேர்த்து நானே பேசுவதால் தோற்க வழியில்லை.

இதை ஒரு வேடிக்கையான பழக்கமாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஒரு மனிதரை நான் இந்தப் பழக்கத்தால் காயப்படுத்தினேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நான் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் துறையிலேயே வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு நண்பர். என்னைவிட மூன்று வயது இளையவர். நான் வடவள்ளியில் இருக்கிறேன், அவர் தொண்டாமுத்தூர்ப் பக்கம். போகிற வழிதானே என்று ஒரு வாரம் என் காரிலும் ஒரு வாரம் அவர் காரிலுமாகச் சேர்ந்து போய் வந்தோம். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படி ஓடியது. என் மனைவியோடு பேசியதைவிட அவரோடு பேசியது அதிகம் என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்வாள்.

எங்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். அவருடையது தோப்பில் வேலை செய்த குடும்பம். எங்கள் தோப்பில் அல்ல; அவருடைய ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தில் பிறந்த இருவர் ஒருவரை ஒருவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து முடித்ததுமே மற்றதெல்லாம் தெரிந்துவிடும். எங்களுக்கும் தெரிந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. பேசாமல் இருப்பதே பெருந்தன்மை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

முதல் சில வருடங்கள் அவர் என்னை “வாங்க சார், போங்க சார்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, “இனிமே இந்த சாரு, ங்க எல்லாம் வேண்டாம்ப்பா. நீன்னே கூப்பிடு” என்றேன். சிரித்தார். சரி என்றும் சொன்னார். ஆனால் வாயில் வரவில்லை. மாதக்கணக்கில் ‘நீ’ என்றும் சொல்லாமல் ‘நீங்க’ என்றும் சொல்லாமல், “நாளைக்கு லீவா?”, “சாப்பாடு ஆச்சா?” என்று ஆள் இல்லாத வாக்கியங்களிலேயே காலத்தை ஓட்டினார். அப்புறம் ஒரு நாள் இடையர்பாளையத்தில் டயர் பஞ்சர். நான் ஜாக்கியைத் தப்பாக வைத்துக்கொண்டிருந்தேன். “ஏப்பா, நீ தள்ளு, நானு பாக்கறேன்” என்றார். சொன்ன பிறகு தானே திடுக்கிட்டுப் போய் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “ஒருத்தரு உங்களை நீன்னு சொன்னதுக்கா இத்தனை பூரிப்பு?” என்றாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். எனக்குத்தான் புரியவில்லை என்பது இப்போது தெரிகிறது. அந்த ‘நீ’யை நான் அவருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தது என்று நினைப்பவன் என்றைக்காவது திருப்பிக் கேட்பான்.

அவர் வீடு கட்டிக் குடிபோனபோது குடும்பத்தோடு போனோம். அங்கேதான் அவருடைய அப்பாவைப் பார்த்தேன். ஒல்லியாக, தலை முழுக்க நரைத்து, புது வேட்டியில் கூசிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் “வாங்க சாமி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. “சாமின்னெல்லாம் சொல்லாதீங்கய்யா, நானு உங்க பையன் மாதிரி” என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். “சரிங்க சாமி” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது காரில் எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. நல்ல மனிதனாக நடந்துகொண்டோம் என்ற நிறைவு. அதைப்போல ஆபத்தானது வேறில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது என் பெயரும் அடிபட்டது. கடைசியில் என் நண்பரைப் போட்டார்கள். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அவர் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், கட்டுரைகள் எழுதியவர். அவருக்குத் தகுதி இருந்தது, எனக்கு வயது இருந்தது. ஆணை வந்த அன்று நான்தான் முதலில் போய்க் கட்டிப்பிடித்தேன். துறைக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். நடிக்கவில்லை. உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்து என் தனிப்பேச்சில் அவர் வர ஆரம்பித்தார். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. “பெரிய ஆளாயிட்டான்” என்று ஒரு நாள் வந்தது. “சர்க்குலருக்குச் சர்க்குலர் கையெழுத்துப் போடறான்” என்று இன்னொரு நாள். ரேடியோவில் வேறு நிலையம் குறுக்கிட்ட மாதிரி இரண்டு வார்த்தை வரும், போய்விடும். நான் பொருட்படுத்தவில்லை.

அவர் பதவிக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் மதியமே அவர் கிளம்பிப் போய்விட்டார். சாயங்காலம் நான் தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தேன். துடியலூர் தாண்டும்போது அவருடைய போன். காரின் ஸ்பீக்கரில் எடுத்தேன்.

“ஏப்பா, நாளைக்குக் காத்தால எட்டரை கிளாஸ நீ எடுத்துக்கறயா? ஊட்ல ஒரு சோலி.”

“அதுக்கென்னப்பா, எடுத்துக்கறேன்.”

“சரிப்பா, வெக்கட்டுமா?”

“சரி, வெச்சிரு.”

“ஆகட்டும்.”

“சரி சரி.”

எங்கள் பக்கத்தில் போனை முதலில் வைப்பதும் ஒரு மரியாதைக் குறைவு. வைக்கிறேன், வையுங்க, சரிங்க, ஆகட்டுங்க என்று நாலு தடவை சொல்லிவிட்டு இரண்டு பேரும் மற்றவர் வைக்கட்டும் என்று காத்திருப்போம். அன்றைக்கும் அப்படித்தான். நான் வண்டி ஓட்டுகிறேன், அவர் வைத்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். அவர் வைத்திருப்பார் என்றே நினைத்தேன். என்ன சோலி என்று கேட்கவும் இல்லை.

பிறகு வழக்கம்போல என் வாய் திறந்தது.

“எட்டரைக்கு நானு வரோணுமாமா. இவன் சோலியப் பாக்கப் போவானாமா, இவனுக்கு நானு கிளாஸ் எடுக்கோணுமாமா. நாக்காலி கெடச்சு ரெண்டு மாசங்கூட ஆகுல, எப்படி அதிகாரம் பண்றான் பாரு. நீ எடுத்துக்கறயாங்கறான். எனக்கு நீ போடறான். அப்பன் என்னயச் சாமிங்கறான், மகன் வா போங்கறான். எல்லாம் நாங் குடுத்த எடம். வெக்கற எடத்துல வெச்சிருந்தா இப்படி வருமா?”

இதை நான் கத்தவில்லை. தேங்காய் விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்து, முன்னால் நின்ற பஸ்ஸுக்காகப் பிரேக் போட்டபோதுதான் காரின் திரையைப் பார்த்தேன். அதில் அவருடைய பெயர் இன்னும் இருந்தது. பெயருக்குக் கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. மூச்சு விடவும் பயமாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் போனை வைத்தார்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. திரும்பக் கூப்பிட்டு, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஒருவேளை கேட்டிருக்காது, போனை எங்காவது வைத்துவிட்டுப் போயிருப்பார், சிக்னல் சரியாக இருந்திருக்காது என்று இயற்பியல் படித்த மூளை ஆயிரம் காரணம் சொன்னது.

எட்டரை வகுப்பை எடுத்தேன். அவர் மறுநாள் முழுக்க வரவில்லை, அதற்கடுத்த நாள் வந்தார். நான் முந்திக்கொண்டேன். முந்திக்கொண்டு செய்ததுதான் இன்னும் கேவலம். “முந்தாநேத்து போன்ல பேசறப்ப துடியலூர்ல ஒருத்தன் பைக்குல குறுக்க உழுந்துட்டான்ப்பா. கண்டபடி திட்டிப்போட்டேன். போன் வெக்கலைன்னு அப்புறந்தான் பாத்தேன்” என்றேன். ‘அப்பன் என்னயச் சாமிங்கறான்’ என்பது எந்தப் பைக்குக்காரனுக்குப் பொருந்தும்? பச்சைக் குழந்தைகூட நம்பாது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார்.

“அப்படிங்களா சார்” என்றார்.

அவ்வளவுதான். ‘ங்க’வும் ‘சாரு’ம் திரும்ப வந்துவிட்டன. அன்றிலிருந்து ஒரு ‘நீ’ கிடையாது. “டைம்டேபிள் பாத்தீங்களா சார்?” “சாப்பிட்டீங்களா சார்?” “வாங்க சார், உக்காருங்க.” குரலில் கோபமில்லை, முகத்தில் சுளிப்பில்லை. மற்றவர்கள் பார்த்தால் என்ன மரியாதையான மனிதர் என்றுதான் சொல்வார்கள். சேர்ந்து போவதும் நின்றது. “ஊட்ல கொஞ்சம் வேலை இருக்குதுங்க சார், நேரங்காலம் தெரியாது. நீங்க முன்னால போங்க” என்றார். அந்த ‘ங்க’ ஒவ்வொன்றும் எனக்குக் கன்னத்தில் விழுந்தது. திட்டினால் பதில் சொல்லலாம், மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

அந்த வாரமே துறையில் பேசிக்கொண்டார்கள். அவருடைய அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம், ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். விழுந்தது எந்த நாள் என்று கேட்டேன். நான் அந்த வார்த்தைகளைச் சொன்ன நாள்தான். ஊட்ல ஒரு சோலி என்றது அதுதான். எல்லோருமாக ஒரு வேன் பிடித்துப் பார்க்கப் போனார்கள். எங்கள் பக்கத்தில் கெட்டதுக்குப் போகாமல் இருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். படுத்துக் கிடப்பவரைப் பார்க்கப் போகாததும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் சேரும். நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன். மனைவி ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பழத்தை நானே உரித்துத் தின்றேன்.

வாய்விட்டுப் பேசுவதை நிறுத்தினேன். சாவி, கண்ணாடிகூட எண்ணவில்லை. இரண்டு முறை வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வெளியே நின்றேன். “ஏனுங்க, ரேடியோ நின்னு போச்சாட்ட இருக்குது?” என்று மனைவி கேட்டாள். கேலியாகத்தான் தொடங்கினாள், என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன வார்த்தைகளைச் சொல்லும்போது என்னையறியாமல் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். பிறகு திருத்தி, சரியாகச் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: “நீங்க தனியாப் பேசறப்பெல்லாம் அச்சு அசலா மாமா பேசறாப்பலயே இருக்குமுங்க. கண்ணாலம் ஆகி வந்த புதுசுல மாமாதான் குளிக்கறாருன்னு நெனச்சு வெளிய நிப்பேன்.”

மாமா என்றது என் அப்பாவை. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. ‘வெக்கற எடத்துல வெக்கோணும்’ என்பது அவருடைய வார்த்தை. தோப்பு வரப்பில் நின்றுகொண்டு, தன்னைவிட மூத்தவர்களை ‘டே’ போட்டுக் கூப்பிடுவார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஏழு வயதில், அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லி, “இங்க வா, எளநி வெட்டிக் குடு” என்று சொன்னவன் நான். அவரும் “இதா வந்துட்டனுங்க சின்ன சாமி” என்று ஓடி வருவார். கல்லூரிக்குப் போன பிறகுதான் இது தப்பென்று உறைத்தது. விடுமுறைக்கு வந்தபோது அவரைத் தேடிப் போய் ‘வாங்க, போங்க’ என்று பேசினேன். அவர் பயந்துபோய் என் அப்பாவை எட்டிப் பார்த்தார். அன்றோடு நான் மாறிவிட்டதாக நினைத்தேன். மாறியது மற்றவர் காதில் விழுகிற குரல் மட்டும். யாரும் கேட்காத இடத்தில் பேசுகிறவன் அந்த வரப்பைவிட்டு இறங்கவே இல்லை. மனிதன் தன்னோடு பேசும்போது தன் சொந்தக் குரலில் பேசுவதாகத்தான் நினைக்கிறான். அது யாரிடமிருந்து வாங்கிய குரல் என்று பார்ப்பதில்லை.

இப்படிச் சொல்வதிலும் ஒரு தப்பித்தல் இருக்கிறது என்று தெரியும். பழியைச் செத்துப்போன அப்பா தலையில் போடுகிறேன். அவருக்கு என் நண்பரைத் தெரியாது. நாற்காலி கிடைக்காத எரிச்சல் அவருடையது இல்லை, என்னுடையது.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தேன். செய்ததும் பழைய பழக்கம் திரும்பி வந்தது. இந்த முறை ஒத்திகை. தினமும் காரில் போக வர ஒத்திகை பார்த்தேன். போன் இணைப்பில் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். “நானு பண்ணுனது மன்னிக்கக்கூடிய காரியம் இல்லப்பா” என்று தொடங்குவேன். அவர் பேச வேண்டிய இடத்தில் அவருக்காகவும் நானே பேசுவேன். “விடுப்பா, நீ போயி இதைப் பெருசா எடுத்துக்கிட்டு” என்பார். ஒரு நாள் “நம்ம பழக்கம் இதுல போயிருமா?” என்றுகூடச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. வடவள்ளி வருவதற்குள் தினமும் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டதால் நேரில் கேட்கிற அவசரம் தணிந்துவிடும். இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. தன்னோடு பேசுவதில் இருக்கிற பெரிய மோசடி இதுதான். மற்றவர் பங்கையும் நாமே பேசி முடித்துவிட்டு, விஷயம் தீர்ந்தது என்று தூங்கப் போய்விடுகிறோம்.

கடைசியில் ஒரு நாள் மத்தியானம், செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், அவர் ஆய்வகத்து இருட்டறையில் தனியாக இருந்தார். கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒத்திகை பார்த்த ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

“அன்னிக்கு நானு திட்டுனது உன்னயத்தான்” என்றேன். “துடியலூர்ல யாரும் குறுக்க வர்ல. அது பொய்.”

அவர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே, “தெரியுமுங்க சார்” என்றார்.

“எம் மேல கோவப்படு. ரெண்டு அறை வேணும்னாலும் குடு. இந்த ங்க மட்டும் வேண்டாம்ப்பா. இத்தனை நாளா இதுலயே என்னயத் தண்டிச்சுட்டு இருக்கற, என்னால முடியல.”

அவர் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அவர் முகத்தில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது.

“தண்டனைன்னா நெனச்சீங்க?” என்றார். “உங்களுக்குன்னு நானு எதுவும் பண்ணுலீங்க சார்.”

அவர் ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார். தான் உட்காரவில்லை.

“அன்னிக்கு அப்பா உழுந்து கெடந்தாருங்க. காத்தாலதான் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. உங்களுக்குப் போனப் போட்டு, ஸ்பீக்கர்ல போட்டுக் கட்டல்ல வெச்சுட்டு அவருக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருந்தனுங்க. கையெல்லாம் கஞ்சி. நீங்க வெச்சிருவீங்கன்னு உட்டுட்டனுங்க. நீங்க பேசுனத நானு கேட்டதுகூடப் பெருசில்லீங்க. அவரு கேட்டாருங்க.”

இத்தனை நாளும் என் நண்பர் கேட்டாரா என்பதை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“நானு கிண்ணத்த வெச்சுட்டு வெடுக்குன்னு எந்திரிச்சனுங்க. நேரா உங்கூட்டுக்கே வந்து கேட்டிருப்பேன். அவருதான் கையப் புடிச்சுக்கிட்டாரு. ‘சாமி சொன்னதுல என்னடா தப்பு? அவிங்களப் போயி நீன்னு சொல்றயே, உனக்கு எத்தனை கொழுப்பு? சாமி கோவிச்சுக்கிட்டா உன்ற வேலை போயிருமடா’ன்னு என்னயத் திட்டுறாருங்க. நானு ஹெச்ஓடி, அவரு என்ன பண்ணிருவாருங்கறேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு. இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறவரு, வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுல. ‘இனிமேப்பட்டு ங்க போட்டுத்தான் பேசுவேன்னு சத்தியம் பண்ணு’ன்னு கைய நீட்டிட்டே இருந்தாருங்க. பண்ணிப்போட்டனுங்க.”

சொல்லிவிட்டு வேட்டி கட்டியவர் மடிப்பை நீவுவதுபோலப் பேண்ட்டைத் தடவிக்கொண்டார். அழுகையை அடக்குகிறார் என்று புரிந்தது.

“எனக்கு உங்க மேல கோவம் இருக்குதுங்க. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். எங்கப்பாவுக்கு உங்க மேல துளி கோவம் இல்லீங்க சார். அதுதானுங்க எனக்குத் தாங்குல.”

ஒத்திகையில் இந்த மனிதர் ஒரு நாளும் வரவில்லை. இந்த வார்த்தைகளை அவருக்காக நான் யோசித்திருக்கவே முடியாது. மன்னித்துவிடு என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இவர் மட்டுமில்லை, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கட்டிலில் கிடக்கிறவரும்தான் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே சொன்னேன்.

“நானு வந்து அப்பாவப் பாக்கறேன்ப்பா. அவரு கால்ல உழுந்து கேக்கறேன். இன்னிக்கே வாரேன்.”

அவர் ஸ்குரூடிரைவரை இழுப்பறையில் போட்டு மூடினார். விளக்கை அணைக்கப் போன கையை அப்படியே நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“வேண்டாமுங்க சார். இன்னும் ஒரு மாசத்துக்குக் கால ஊணவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. நீங்க வந்தா அவரு எந்திரிச்சு நிப்பாருங்க.”